நோட்டிஃபிகேஷன் எல்இடி: ஆரஞ்சு கேட்டால் மஞ்சள் எரிகிறது, வெள்ளை கேட்டால் நீலம் அடிக்கிறது

நள்ளிரவு எழுதியது:

திரைக்கு மேலே சிறு புள்ளியாக இருக்கும் பல வண்ண நோட்டிஃபிகேஷன் விளக்கைப் பற்றிக் கேள்வி. ஆண்ட்ராய்டு போன், லினேஜ்ஓஎஸ் (ஆண்ட்ராய்டின் தன்னார்வலர் வடிவம்), ரூட் (கணினிக் கோப்புகளையும் மாற்றும் உரிமை) இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் கொடுத்தால் சரியாக எரிகின்றன. கலவை நிறங்களில்தான் தகராறு. ஆரஞ்சுக்கு 255, 128, 0 கொடுத்தால் பச்சை தட்டிய மஞ்சள் வருகிறது. வெள்ளைக்கு மூன்றும் 255 கொடுத்தால் நீலம் தூக்கலாக இருக்கிறது. இன்னொரு மலிவான போனில் அதே வெள்ளை பேட்டரி இறங்க இறங்கச் சிவந்துகொண்டே போகிறது.

இது எல்இடியின் குறையா, டிரைவரின் குறையா, ஆப் கொடுக்கும் எண்ணின் குறையா? எந்த இடத்தில் திருத்தலாம்?


மின்முனை எழுதியது:

மலிவான போனில் வெள்ளை சிவப்பதிலிருந்து தொடங்குகிறேன், அதற்கு விடை வெறும் கணக்குதான்.

அந்தப் புள்ளிக்குள் இருப்பது நிறம் மாறும் ஒரே எல்இடி அல்ல. ஒரு உறைக்குள் மூன்று தனித்தனிச் சில்லுகள். பெரும்பாலும் நான்கு கால்கள்: மூன்று நிறத்துக்கும் பொதுவாக ஒரு ஆனோடு (நேர்முனை), நிறத்துக்கு ஒரு கேத்தோடு (எதிர்முனை). டிரைவர் சிப் கேத்தோடு பக்கம் உட்கார்ந்து மின்னோட்டத்தை உள்ளே இழுக்கும்.

சிவப்புச் சில்லும் மற்ற இரண்டும் வேறு வேறு பொருளில் செய்தவை. சிவப்பு, அலுமினியம் காலியம் இண்டியம் பாஸ்பைடு. பச்சையும் நீலமும் இண்டியம் காலியம் நைட்ரைடு. சிவப்பு ஏறத்தாழ 1.8 முதல் 2.2 வோல்ட்டில் எரியும். பச்சைக்கும் நீலத்துக்கும் 2.8 முதல் 3.4 வோல்ட் வேண்டும். லித்தியம் பேட்டரியோ நிறைந்திருக்கும்போது 4.2 அல்லது 4.4 வோல்ட், இறங்கும்போது 3.4, 3.3 என்று வரும். சிவப்புக்கு எப்போதும் தாராளம். நீலத்துக்குக் கடைசியில் மூச்சு முட்டும்.

மலிவான போனில் பேட்டரியிலிருந்து நேராக ரெசிஸ்டர் வழியே எல்இடிக்குக் கொடுத்திருப்பார்கள். பேட்டரி 3.8 வோல்ட்டில் இருக்கும்போது ஒவ்வொரு சில்லுக்கும் 5 மில்லிஆம்பியர் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு: (3.8 − 2.0) ÷ 0.005 = 360 ஓம்
நீலம்: (3.8 − 3.0) ÷ 0.005 = 160 ஓம்

இப்போது பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கட்டும்.

சிவப்பு: (3.4 − 2.0) ÷ 360 = 3.9 மில்லிஆம்பியர்
நீலம்: (3.4 − 3.0) ÷ 160 = 2.5 மில்லிஆம்பியர்

சிவப்பு ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. நீலம் பாதியாகிவிட்டது, பச்சையும் அதே கதை. வெள்ளை சிவக்காமல் என்ன செய்யும்? (மின்னோட்டம் குறையும்போது சில்லின் வோல்டேஜும் கொஞ்சம் குறையும் என்பதால் உண்மையில் இறக்கம் இதைவிடச் சற்று மிதமாக இருக்கும். போக்கு இதுதான்.)

இந்த வகைப் போனில் மென்பொருளால் முழுத் தீர்வு கிடையாது. பேட்டரி வோல்டேஜைப் படித்து நிறத்தைத் திருத்தும் அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை.

நல்ல போன்களில் ரெசிஸ்டருக்குப் பதில் மாறா மின்னோட்ட டிரைவர் இருக்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்பி5521 தெளிவான எடுத்துக்காட்டு. மூன்று சேனல், ஒவ்வொன்றையும் 0 முதல் 25.5 மில்லிஆம்பியர் வரை 0.1 மில்லிஆம்பியர் படிகளில் வைக்கலாம். உள்ளேயே சார்ஜ் பம்ப் உண்டு. பேட்டரி போதுமானவரை நேராகக் கொடுக்கும், போதாதபோது 1.5 மடங்காக ஏற்றிக் கொடுக்கும். அதனால் 3.3 வோல்ட்டிலும் நீலம் அசராது. இதன் அண்ணன் எல்பி5523க்கு ஒன்பது சேனல். 2009இல் வந்த நோக்கியா என்900இல் இருந்தது இதுதான்: மூன்று சேனல் நோட்டிஃபிகேஷன் விளக்குக்கு, ஆறு விசைப்பலகை வெளிச்சத்துக்கு.


பச்சைவிளக்கு எழுதியது:

ஆரஞ்சு விஷயத்தில் எல்இடி மேல் பழி போட வேண்டாம். அது கேட்டதைத்தான் செய்கிறது.

திரைக்கு நாம் கொடுக்கும் 128 என்ற எண் பாதி ஒளியைக் குறிப்பதில்லை. திரையின் காமா (கொடுக்கும் எண் ஒளியாக மாறும் அடுக்கு) சுமார் 2.2. 255க்கு 128 என்பது அங்கே 22 விழுக்காடு ஒளிதான். கண்ணுக்கு அது பாதி போலத் தோன்றும், அவ்வளவே. எல்இடி டிரைவருக்குக் காமா தெரியாது. 128 கொடுத்தால் பிடபிள்யூஎம்மில் (கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரித்து அணைக்கும் முறை) பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப். ஆக 50 விழுக்காடு ஒளி. உங்கள் ஆரஞ்சில் பச்சை இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது, அதுதான் மஞ்சளாகிறது.

திருத்தம்: எண்ணை 255ஆல் வகுத்து, 2.2 அடுக்குக்கு உயர்த்தி, மறுபடி 255ஆல் பெருக்குங்கள். 128க்கு 56 வரும். 255, 56, 0 கொடுத்துப் பாருங்கள்.

வெள்ளை வேறு பிரச்சினை. 255க்குக் காமா போட்டாலும் 255தான், அதனால் காமா அங்கே உதவாது. திரையில் பயன்படும் எஸ்ஆர்ஜிபி வெள்ளையில் கண் உணரும் ஒளியில் பச்சையின் பங்கு 71.5 விழுக்காடு, சிவப்பு 21.3, நீலம் வெறும் 7.2. மூன்று சில்லுக்கும் ஒரே மின்னோட்டம் கொடுத்தால் இந்த விகிதம் தானாக அமையாது. நீலச் சில்லு தன் பங்குக்கு மேல் கொட்டிவிடும். சில்லுகள் உற்பத்தியிலேயே பிரகாச வாரியாகப் பிரித்து விற்கப்படுகின்றன, ஆகவே ஒரே மாடல் போன் இரண்டில்கூட வெள்ளை ஒன்றாக இருக்காது.

கருவி இல்லாமல் கண்ணாலேயே சரிசெய்யும் முறை:

அறையில் வெளிச்சத்தைக் குறையுங்கள். எல்இடி மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை வையுங்கள். தாள் அவசியம், மூன்று சில்லும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கிட்டத்தில் பார்த்தால் கோணத்துக்கு ஒரு நிறம் தெரியும். முதலில் சிவப்பை 255இல் நிறுத்தி நீலத்தை 0 ஆக்குங்கள். பச்சையை 0இலிருந்து ஏற்றிக்கொண்டே வாருங்கள். ஆரஞ்சு மறைந்து சுத்த மஞ்சள் வந்து, பச்சை வாடை அடிக்கத் தொடங்கும் முன் நிறுத்துங்கள். அதன்பின் நீலத்தை மெல்ல ஏற்றுங்கள். மஞ்சள் போய் வெள்ளை வரும் இடத்தில் நின்றால் போதும். அந்த மூன்று எண்கள்தான் உங்கள் போனின் வெள்ளை. இனி எந்த நிறமானாலும் காமா திருத்தியபின் இந்த விகிதத்தால் பெருக்குங்கள். சிவப்பு 255, பச்சை 150 என்று அமைந்தால் பச்சையின் பெருக்கி 150 ÷ 255, அதாவது 0.59.

பச்சையை 255 வரை கொண்டுபோன பிறகும் மஞ்சள் வரவில்லை என்றால் சிவப்பைக் குறைக்க வேண்டிய வகை எல்இடி என்று அர்த்தம். முறை அதேதான், திசைதான் மாறும்.

நீங்கள் சொல்லும் 'பல வண்ணம்' சில மலிவுப் போன்களில் உண்மையில் ஏழு நிறம் மட்டுமே. ஒவ்வொரு சில்லுக்கும் ஆன், ஆஃப் தவிர வேறு நிலை இருக்காது. அங்கே 56 கொடுத்தாலும் 200 கொடுத்தாலும் ஒன்றே. இந்த முறையெல்லாம் அங்கே செல்லாது.


நள்ளிரவு எழுதியது:

255, 56, 0 கொடுத்தேன், ஆரஞ்சு வந்துவிட்டது. நன்றி. ஆனால் ஆப்பிலிருந்து கொடுக்காமல் நேராகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) கோப்பில் எழுதித்தான் பார்த்தேன். ஆப்பில் நிறத்தை மாற்றினால் மாறவே மாட்டேன் என்கிறது. அதோடு சார்ஜ் ஏறும்போது எந்த மெசேஜ் வந்தாலும் விளக்கு சிமிட்டுவதில்லை.


கெர்னல்கிளி எழுதியது:

இரண்டும் வேறு வேறு அடுக்கில் நடக்கின்றன. அடியிலிருந்து மேலே போகலாம். கட்டளை, கோப்புப் பெயர்களை ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டுங்கள்.

கெர்னல். சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் லெட்ஸ். அங்கே ரெட், கிரீன், ப்ளூ என்று மூன்று கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் பிரைட்னஸ், மேக்ஸ் பிரைட்னஸ், டிரிகர். முதலில் மேக்ஸ் பிரைட்னஸைப் படியுங்கள். 255 என்று தானாக நினைத்துக்கொண்டு எழுதக் கூடாது. 1 என்று இருந்தால் பச்சைவிளக்கு சொன்ன ஏழு நிற வகை. பிரைட்னஸில் எழுதியும் எரியவில்லை என்றால் டிரிகரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது 'நன்' என்று இல்லாவிட்டால் வேறு யாரோ அந்த விளக்கைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

புதிய கெர்னல்களில் மூன்று தனிக் கோப்புறைக்குப் பதில் ஒன்றே இருக்கலாம். லினக்ஸ் 5.9இல் பல வண்ண எல்இடிக்கென்று தனி வகுப்பு சேர்ந்தது. மல்ட்டி இன்டெக்ஸ் கோப்பு எந்த நிறம் எந்த வரிசை என்று சொல்லும், மல்ட்டி இன்டென்சிட்டியில் மூன்று எண்களையும் ஒரே வரியில் எழுத வேண்டும். ஒவ்வொரு சில்லுக்கும் போவது: பிரைட்னஸ் × அந்த நிறத்தின் இன்டென்சிட்டி ÷ மேக்ஸ் பிரைட்னஸ். நிறத்தை ஒருமுறை வைத்துவிட்டுப் பிரகாசத்தை மட்டும் ஏற்றி இறக்கலாம், நிறம் பிசகாது. மூன்று கோப்பில் தனித்தனியாக எழுதும்போது நடுவில் ஒரு கணம் தப்பு நிறம் மின்னும். அதுவும் இங்கே இல்லை. மல்ட்டி இன்டெக்ஸைப் பார்க்காமல் எழுதி, சிவப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டன என்று புலம்புபவர்கள்தான் அதிகம்.

கெர்னலில் உள்ள டிரைவர் நிரலுக்கு மேலே லைட் ஹால் (ஆண்ட்ராய்டுக்கும் வன்பொருளுக்கும் இடையிலான அடுக்கு). ஆண்ட்ராய்டு இதனிடம் கொடுப்பது: நிறம், சிமிட்டும் முறை, எத்தனை மில்லிசெகண்ட் ஆன், எத்தனை ஆஃப். விளக்கு ஒன்றுதான், கேட்பவர்கள் பலர்: பேட்டரி, நோட்டிஃபிகேஷன், அட்டென்ஷன். யாருக்கு முன்னுரிமை என்பதை ஹால் முடிவு செய்யும். பல போன்களின் ஹாலில் பேட்டரிக்கே முதலிடம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் நோட்டிஃபிகேஷனுக்கு முறை வராது. உங்கள் இரண்டாவது சிக்கல் இதுதான். லினேஜ்ஓஎஸ்ஸில் பேட்டரி விளக்கு அமைப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள், மெசேஜுக்கு சிமிட்டும்.

பேட்டரி விளக்கின் நிறங்கள் ஆண்ட்ராய்டின் மூலக் குறியீட்டிலேயே இருக்கின்றன. சார்ஜ் குறைவு என்றால் சிவப்பு, 90க்கு மேல் பச்சை, இடையில் மஞ்சள். சார்ஜரில் இல்லாமல் குறைந்திருந்தால் சிவப்பு 125 மில்லிசெகண்ட் எரிந்து 2875 மில்லிசெகண்ட் அணையும். போன் தயாரிப்பாளர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆப் நிறம் மாறாதது ஆப்தச்சன் பார்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி.


ஆப்தச்சன் எழுதியது:

ஆண்ட்ராய்டு 8 வந்தபின் (2017) நிறம் நோட்டிஃபிகேஷனுடையது அல்ல, சேனலுடையது (ஆப் தன் நோட்டிஃபிகேஷன்களைப் பிரித்து வைக்கும் வகைதான் சேனல்). சேனலை உருவாக்கும்போது எனேபிள் லைட்ஸ், செட் லைட் கலர் இரண்டையும் சொல்ல வேண்டும். உருவானபின் ஆப்பால் அதை மாற்ற முடியாது. உரிமை பயனரிடம் போய்விடுகிறது. சேனலை அழித்துவிட்டு அதே ஐடியில் மறுபடி உருவாக்கினால் பழைய அமைப்புகளே திரும்ப வரும். 'குறியீட்டில் நிறத்தை மாற்றிவிட்டேன், போனில் மாறவில்லை' என்பதற்கு பத்துக்கு ஒன்பது முறை இதுதான் காரணம். சோதிக்கும்போது புது ஐடி கொடுங்கள், அல்லது ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

பழைய செட் லைட்ஸில் நிறத்தோடு ஆன், ஆஃப் நேரத்தையும் ஆப்பே சொல்லலாம். சேனல் முறையில் அந்த நேரங்கள் கணக்கில் வராது, ஆண்ட்ராய்டின் இயல்பு நேரம்தான். மூலக் குறியீட்டில் அது 500 மில்லிசெகண்ட் ஆன், 2000 ஆஃப்.

எல்லாம் சரியாக எழுதியும் விளக்கு வராமல் போகும் இடங்கள் இன்னும் இருக்கின்றன:

திரை எரிந்துகொண்டிருந்தால் விளக்கு வராது. அழைப்பில் இருந்தாலும் வராது. சோதிக்கும்போது நோட்டிஃபிகேஷனை ஐந்து பத்து செகண்ட் தாமதமாக அனுப்பச் சொல்லிவிட்டுத் திரையை அணைத்துக் காத்திருங்கள். கேபிளில் போனைச் செருகி, திரையை எரியவிட்டு 'வரவில்லையே' என்று பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் வராது. அதோடு அந்தக் கேபிள் சார்ஜும் ஏற்றும், அப்புறம் கெர்னல்கிளி சொன்ன பேட்டரி முன்னுரிமை வேறு.

சேனலின் முக்கியத்துவம் டிஃபால்ட்டுக்குக் கீழே இருந்தால் வராது. சத்தமில்லாத நோட்டிஃபிகேஷனுக்கு விளக்கு மட்டும் வேண்டும் என்று லோ வைத்தால் விளக்கும் போய்விடும். டிஃபால்ட் வைத்து சவுண்டுக்கு 'நல்' (எதுவும் இல்லை) என்று கொடுங்கள்.

ஒருமுறைதான் எச்சரிக்கை என்ற கொடியை ஏற்றிவிட்டு அதே நோட்டிஃபிகேஷனைப் புதுப்பித்தால், இரண்டாம் முறை விளக்கு வராது.

பயனர் நோட்டிஃபிகேஷன் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தால் விளக்குப் பட்டியல் காலியாகிவிடும். நோட்டிஃபிகேஷன் அங்கேயே கிடக்கும், விளக்கு திரும்ப வராது. இது பிழை அல்ல, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

தொந்தரவு செய்யாதே முறையில் விளக்கையும் தடுக்கும் தேர்வு ஆண்ட்ராய்டு 9இல் இருந்து உண்டு. ஆண்ட்ராய்டின் அமைப்பில் நோட்டிஃபிகேஷன் லைட் பல்ஸ் 0 என்று இருந்தாலும் முழு இருட்டுதான்.

இரண்டு ஆப்புகள் அடுத்தடுத்து அனுப்பினால் நிறங்கள் மாறி மாறி வராது. கடைசியாக வந்தது மட்டுமே எரியும். அது நீங்கினால் அதற்கு முந்தையது மேலே வரும். மாறி மாறி எரிய வைக்கும் ஆப்புகள் தாங்களே போனை எழுப்பிச் செய்கின்றன. பேட்டரிக்கு அது நல்லதல்ல.


இரவுக்காவல் எழுதியது:

பேட்டரிக்கு நல்லதல்ல என்கிறீர்கள். இரவு முழுக்க விளக்கு சிமிட்டுவதே பேட்டரியைத் தின்னும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதனாலேயே அணைத்து வைத்திருக்கிறேன்.


மின்முனை எழுதியது:

கணக்குப் போட்டால் பயம் போய்விடும். ஒரு சில்லு, 5 மில்லிஆம்பியர், 2500 மில்லிசெகண்டில் 500 மட்டும் ஆன். சராசரி 1 மில்லிஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 8 மில்லிஆம்பியர்-மணி. 3000 பேட்டரியில் 0.27 விழுக்காடு. மூன்று சில்லும் முழு வெள்ளையில் எரிந்தால் 24. சார்ஜ் பம்ப் 1.5 மடங்கில் ஓடினால் பேட்டரியிலிருந்து இழுப்பதும் ஒன்றரை மடங்கு, 36. அப்போதும் 1.2 விழுக்காடுதான்.

தின்பது விளக்கு அல்ல, சிமிட்டுபவர். பிராசசரே ஒவ்வொரு முறையும் எழுந்து ஆன் செய்து, அரை செகண்டில் மறுபடி எழுந்து ஆஃப் செய்தால் போன் ஆழ்ந்து தூங்கவே முடியாது. இதைத் தவிர்க்கத்தான் சிமிட்டும் வேலையை ஹார்டுவேரிடம் விட்டுவிடுகிறார்கள். எல்பி5521க்குள் மூன்று குட்டி இயக்க எந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 16 கட்டளைகள் வரை எழுதலாம். ஒருமுறை எழுதிவிட்டால் பிராசசர் தூங்கப் போகலாம், அது பாட்டுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும்.

குவால்காம் போன்களில் தனிச் சிப் பெரும்பாலும் இருக்காது. பவர் மேனேஜ்மென்ட் சிப்புக்குள்ளேயே லைட் பல்ஸ் ஜெனரேட்டர் என்ற பகுதி உண்டு. அதற்கு ஒரு அட்டவணை கொடுத்தால் அந்த வரிசையில் பிரகாசத்தை மாற்றும். பிராசசர் தூங்கினாலும் அது நிற்காது.


கெர்னல்கிளி எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று. டிரிகரில் 'டைமர்' என்று எழுதி டிலே ஆன், டிலே ஆஃப் கொடுத்துச் சிமிட்ட வைப்பவர்கள் கவனிக்க. டிரைவருக்கு ஹார்டுவேர் சிமிட்டல் தெரியாவிட்டால் கெர்னல் தன் சொந்த டைமரில் செய்யும். போன் சஸ்பெண்ட் ஆனதும் (ஆழ்ந்து தூங்கியதும்) அந்த டைமர் நின்றுவிடும். விளக்கு அணைந்தே கிடக்கும், இல்லையென்றால் எரிந்த நிலையிலேயே உறைந்துவிடும். கேபிள் செருகியிருக்கும்போது சஸ்பெண்ட் ஆகாததால் மேசையில் நன்றாக ஓடி, பையில் போட்டதும் கெடும். தேடிக் கண்டுபிடிக்க எரிச்சலான பிழை.

மூன்று நிறத்துக்கும் தனித்தனி டைமர் வைத்தால் இன்னொரு வினோதம்: தொடங்கிய நேரம் சில மில்லிசெகண்ட் விலகியிருக்கும், வெள்ளைச் சிமிட்டலின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். பவர் சிப்பில் மூன்று சேனலையும் ஒரே சமயத்தில் தொடங்க வைக்கும் வழி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

குவால்காம் போன்களுக்கான லினேஜ்ஓஎஸ் ஹால்கள் பலவற்றில் காணப்படும் ஏற்ற அட்டவணை இது: 0, 12, 25, 37, 50, 72, 85, 100. எட்டுப் படி, ஒவ்வொன்றும் 50 மில்லிசெகண்ட். ஏற எட்டு, இறங்க எட்டு, ஆக 800 மில்லிசெகண்ட். ஆன் நேரம் 500 என்று கேட்டால் 800 அதில் அடங்காது. அப்போது ஹால் படியின் நேரத்தைச் சுருக்கும்: 500 ÷ 16 = 31 மில்லிசெகண்ட். உச்சியில் நிற்கும் நேரம் பூஜ்யம். ஆன் நேரத்தைக் குறைத்தால் விளக்கு ஏன் மங்கலாகத் தெரிகிறது என்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது: முழுப் பிரகாசத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் ஏறி இறங்கிவிடுகிறது. 1000 கொடுத்துப் பாருங்கள், உச்சியில் 200 மில்லிசெகண்ட் நிற்கும்.


பச்சைவிளக்கு எழுதியது:

அந்த அட்டவணை நேர்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் பல போன்களில் விளக்கு 'மூச்சு விடுவது' போல இல்லாமல் சட்டென்று எரிந்து நெடுநேரம் பிரகாசமாகவே நிற்பதாகத் தோன்றுகிறது. 12 விழுக்காடு ஒளியே கண்ணுக்கு 38 விழுக்காடு போலத் தெரியும். 0, 1, 6, 16, 29, 48, 71, 100 என்று காமாவுக்கு ஏற்ப மாற்றினால் இதமாக ஏறும். மாற்றும் வசதி இருப்பவர்கள் மாற்றிவிடுங்கள், செலவு ஒன்றுமில்லை.

ஆனால் 8 பிட்டில் அடிமட்டத்தில் படிகள் தீர்ந்துபோகும். காமா போட்டால் 20க்குக் கீழுள்ள எண்கள் எல்லாம் 1 அல்லது 0 ஆகிவிடும். இருட்டறையில் மங்கும்போது கடைசியில் திடீரென்று அணைவது தெரியும். எல்பி5521 இதற்காகவே மடக்கைமுறை மங்கலை உள்ளேயே வைத்திருக்கிறது.


உடைந்ததிரை எழுதியது:

டிஸ்ப்ளே மாற்றியபின் விளக்கு வரவே இல்லை. கோப்பில் எழுதினாலும் வரவில்லை. எல்இடி போய்விட்டதா?


சால்டர்சாமி எழுதியது:

டிஸ்ப்ளே மாற்றியபின் என்றால் முதலில் எல்இடியைத் தொடாதீர்கள். போனைத் திறந்து, கண்ணாடியை நீக்கி, போர்டை நேராகப் பார்த்தபடி விளக்கை எரிய விடுங்கள். பழைய சாம்சங் கேலக்ஸிகளில் *#0*# அடித்தால் வரும் சோதனைப் பட்டியலிலேயே எல்இடி பொத்தான் உண்டு. போர்டில் எரிந்து மேலே தெரியாவிட்டால், ஒளியை மேலே கொண்டுவரும் சின்ன பிளாஸ்டிக் குழாய் பழைய டிஸ்ப்ளே ஃபிரேமோடு போயிருக்கும். இல்லையென்றால் புது டிஸ்ப்ளேயின் கறுப்பு ஒட்டுநாடா அந்தத் துளையை மூடியிருக்கும், அல்லது மலிவுக் கண்ணாடியில் அந்த இடத்தில் கறுப்பு மையில் திறப்பே விட்டிருக்க மாட்டார்கள். டிஸ்ப்ளே மாற்றியபின் வரும் 'எல்இடி போச்சு'களில் மிகப் பெரும்பான்மை இவைதான். நிறம் வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் குழாயின் அடியில் இருக்கும் பால்வெள்ளை டிஃபியூசர் ஸ்டிக்கர் விழுந்திருக்கிறது.

போர்டிலேயே எரியவில்லை என்றால் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டரை டையோடு முறையில் வையுங்கள். சிவப்பு முனை பொது ஆனோடில், கறுப்பு முனை ஒவ்வொரு கேத்தோடிலும். சிவப்புச் சில்லு மங்கலாக எரிந்து 1.7 பக்கம் காட்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: பச்சையும் நீலமும் காட்டாவிட்டால் செத்துவிட்டது என்று கழற்றிவிடுகிறார்கள். பல மீட்டர்கள் டையோடு முறையில் 3 வோல்ட்டுக்குக் குறைவாகவே கொடுக்கும், அதில் நீலம் எரியவே எரியாது. 3.5 வோல்ட் பவர் சப்ளையில் 1 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டுத் தொடுங்கள். அரை மில்லிஆம்பியர் போனாலே கண்ணுக்குத் தெரியும். முனையை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த எல்இடிகள் தலைகீழாகத் தாங்குவது பொதுவாக 5 வோல்ட்தான். பச்சை, நீலச் சில்லுகள் நிலைமின்சாரத்துக்கும் சீக்கிரம் பலியாகும், கைப்பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நிறம் மட்டும் இல்லை என்றால் அந்தக் காலின் சால்டர் விரிசல், அல்லது அந்தச் சில்லு. மூன்றுமே இல்லை என்றால் பொது ஆனோடுக்கு வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். சார்ஜ் பம்ப் வகையில் பக்கத்திலிருக்கும் பறக்கும் கெப்பாசிட்டர் உடைந்தாலும் பச்சையும் நீலமும் முதலில் மங்கும்.

மாற்றும்போது: ஹாட் ஏரை நேராக எல்இடி மேல் காட்டினால் மேலுள்ள ரெசின் மஞ்சளாகும். கையால் சால்டர் செய்தால் பல டேட்டாஷீட்கள் அனுமதிப்பது 350 டிகிரி, காலுக்கு 3 செகண்ட். திறந்து நாளான பாக்கெட் எல்இடி ஈரம் குடித்திருக்கும், சூடாக்கியதும் உள்ளே நீராவி கிளம்பித் தங்கக் கம்பியை அறுத்துவிடும். 60 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்திவிட்டுப் போடுங்கள். கால் வரிசை மாடலுக்கு மாடல் மாறும். அளவு ஒத்துப்போகிறது என்று வேறு போனிலிருந்து எடுத்துப் போட்டால் சிவப்பு கேட்டு நீலம் வரும், அல்லது பொது முனை மாறிப்போய் ஒன்றுமே வராது.


இரவுக்காவல் எழுதியது:

இத்தனை நுணுக்கம் இருந்தும் புதுப் போன்களில் ஏன் எடுத்துவிட்டார்கள்?


கெர்னல்கிளி எழுதியது:

இடம். திரை ஓரம் வரை வந்ததும் துளைக்கு இடமில்லை. ஒன்பிளஸ் 6டியில் 2018இல் போனது, கேலக்ஸி எஸ்10இல் 2019இல் போனது. ஓலெட் திரையில் சில பிக்சல்களை மட்டும் எரியவிட்டுப் புள்ளி காட்டலாம் என்பதும் தயாரிப்பாளர்களுக்கு வசதியாகிவிட்டது. அப்படிச் செய்யும் ஆப்புகளில் புள்ளி ஒரே இடத்தில் நிற்காமல் கொஞ்சம் நகரும்படி அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையேல் அந்தப் பிக்சல்கள் மட்டும் முன்னதாகத் தேயும். எல்சிடி திரையில் இது வீண். ஒரு புள்ளிக்காக முழு பின்வெளிச்சமும் எரிய வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் கேமரா பிளாஷையோ திரையையோ மின்ன வைக்கும் வசதி வந்திருக்கிறது. திரை மின்னலுக்கு நிறமும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அது வந்த நொடியில் மின்னி முடிந்துவிடும். பத்து நிமிடம் கழித்து மேசைக்கு வருபவருக்கு ஒன்றும் சொல்லாது.


நள்ளிரவு எழுதியது:

வெள்ளைக்கு என் போனில் 255, 140, 70 வந்தது. இந்தப் பெருக்கியை எங்கே போடுவது? ஒவ்வொரு ஆப்பின் நிறத்தையும் கையால் திருத்துவது கட்டுப்படியாகாது.


கெர்னல்கிளி எழுதியது:

ஹாலில்தான். நிறம் வந்ததும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிக்கும் வரிக்கு அடுத்து, முதலில் காமா, பிறகு உங்கள் பெருக்கி: சிவப்பு 1, பச்சை 0.55, நீலம் 0.27. வரிசை மாறக் கூடாது. பெருக்கிவிட்டுக் காமா போட்டால் பெருக்கியும் 2.2 அடுக்குக்குப் போய் நீலம் காணாமல் போகும். காமாவை ஒவ்வொரு முறையும் கணக்கிடாமல் 256 எண்கள் கொண்ட அட்டவணையாக வைத்துவிடுங்கள். 0 அல்லாத எண் எதுவும் 0 ஆகிவிடாதபடி குறைந்தது 1 என்று வையுங்கள்.

நிறத்தோடு வரும் நான்காவது எண்ணான ஆல்ஃபா பைட்டையும் கவனியுங்கள். சில ஹால்கள் அதைப் பிரகாசமாக எடுத்து மூன்று நிறத்தையும் அதனால் பெருக்கும், சில கண்டுகொள்ளாது. பெருக்கும் வகையானால் அதையும் காமாவுக்கு முன்னால் செய்யுங்கள்.

பேட்டரி விளக்கும் இதே வழியாகத்தான் போகிறது, அதன் மஞ்சளும் தானாகத் திருந்திவிடும். போனை அணைத்துச் சார்ஜ் போடும்போது வரும் நிறம் மட்டும் பழையபடியே இருக்கும்; அங்கே ஆண்ட்ராய்டும் ஹாலும் ஓடுவதில்லை, சார்ஜர் முறையின் தனி நிரல் நேராகக் கோப்பில் எழுதுகிறது.